கார்லா குகையில் போலந்து டிரம்பெட்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் லோனாவ்லா பக்கம் போனபோது கார்லா குகையைப் பார்த்திருப்பீர்கள். படியேறி, ஏகவீரா தேவியைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே பாறையைக் குடைந்து அமைத்த பௌத்த சைத்தியத்துக்குள் நுழைந்ததும் குழந்தைகள் செய்யும் முதல் காரியம், கூச்சல் போட்டு எதிரொலி கேட்பதுதான். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தில் 1980-இல் போலந்துக்காரர் ஒருவர் தனியாக நின்று டிரம்பெட் வாசித்து ஒலிப்பதிவு செய்தார். அவர் பெயர் தோமாஷ் ஸ்டான்கோ. தாஜ்மகாலிலும் அவ்வாறே வாசித்தார். இரண்டும் சேர்ந்து ஓர் இசைத்தட்டாக வெளிவந்தன. பக்கவாத்தியம் கிடையாது. கல்லில் மோதித் திரும்பும் நாதமே துணை.

இதை எனக்குச் சொன்னவன் என் பேரன். எட்டு வருடமாகக் கர்நாடக வயலின் கற்றுவந்தவன், கல்லூரியில் சேர்ந்ததும் நண்பர்களோடு கூட்டிசைக் குழு அமைத்தான். "இது இசையல்ல, கலப்படம்" என்று நான் கோபித்துக்கொண்டேன். இரண்டு மாதம் எங்களிடையே சரியான பேச்சில்லை. பிறகு ஒருநாள், "தாத்தா, திட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்" என்று சில தொகுப்புகளைத் தந்தான். எல்லாம் போலந்து நாட்டவை. அவற்றைக் கேட்டுக் கற்றதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். நான் இசை வல்லுநன் அல்லன், ஓய்வுபெற்ற கணக்கன். தவறிருந்தால் அன்பர்கள் திருத்தவேண்டும்.

கொஞ்சம் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஸ்டாலின் காலத்துக் கெடுபிடியில் ஜாஸ் இசைக்குப் போலந்தில் மேடை கிடைக்கவில்லை. இளைஞர்கள் வீடுகளில் கூடி வாசித்தார்கள். 1956-இல் சோபோட் என்ற கடற்கரை நகரில் முதல் பெரிய ஜாஸ் விழா நடந்தது. அதில் வாசித்தவர்களுள் ஒருவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். ஜாஸ் வாசிப்பது மருத்துவமனைச் சகாக்களுக்குத் தெரியக்கூடாது என்று கொமேடா என்ற புனைபெயரை வைத்துக்கொண்டவர்.

கிஷிஷ்டோஃப் கொமேடாவின் 'அஸ்டிக்மாட்டிக்' 1965 டிசம்பரில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்தது. ஐவர் வாசித்த அந்தத் தொகுப்பில் ஸ்டான்கோவும் இருந்தார். சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்பிக்னியேவ் நமிஸ்வோவ்ஸ்கியும் இருந்தார். பின்னால் வந்த பல குழுக்களுக்கு இதுவே பிள்ளையார் சுழி.

தாளம்

குயாவி என்பது போலந்தின் ஒரு வட்டாரம். அங்கே ஆடும் நிதானமான மூன்றெண்ணிக்கை நடனம் குயாவியாக். அதன் உறவுக்காரர்கள் மசூர்காவும், விரைந்து சுழலும் ஓபெரெக்கும். நாம் திஸ்ரம் என்று விரலை எண்ணத் தொடங்கினால் முதலில் தடுமாறுவோம். ஏனெனில் மசூர்காவில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது எண்ணிக்கையில் விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கையால் போட்டுக்கொண்டே கேளுங்கள். நான்காவது முறை பிடிபட்டுவிடும்.

நமிஸ்வோவ்ஸ்கி 1975-இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே 'குயாவியாக் கோஸ் ஃபங்கி'. கிராமத்து நடனத்தையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் இசையையும் ஒன்றாக வைத்துத் தைத்தார். எது ஊர்த்துணி, எது வெளித்துணி என்று கேட்பவருக்குத் தெரியும், தையல்தான் தெரியாது.

ஸ்வரம்

தெற்கே தாத்ரா மலையடிவாரத்தில் பொத்ஹாலே என்றொரு பகுதி. அங்குள்ள இடையர்களின் பாட்டில் மத்யமம் உயர்ந்து நிற்கும். நிஷாதம் பலசமயம் தாழ்ந்திருக்கும். நம் கணக்கில் சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அதாவது 64-ஆவது மேளமான வாசஸ்பதியின் ஸ்வரங்கள்! நிஷாதம் உயர்ந்தால் கல்யாணியின் ஸ்வரங்களாகிவிடும். ஆனால் ஸ்வரம் ஒன்றாயிருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் இல்லை, நம் சஞ்சாரங்கள் இல்லை. உறவு என்று சொல்லி ஒட்டிக்கொள்ளாமல், அடையாளம் கண்டு கேட்டால் போதும்.

இந்த மலைப் பகுதியைச் சேர்ந்த திரெபுனியே-துத்கி என்ற குடும்பக் குழு 1990-களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் ட்விங்கிள் பிரதர்ஸ் குழுவோடு சேர்ந்து ரெகே தாளத்தில் ஊர்ப் பாட்டைப் பாடியது. தங்கள் பிடிலை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. துணைக்கு வந்த தாளம் மட்டுமே புதிது.

சுகா என்ற வாத்தியம்

என்னை மிகவும் யோசிக்கவைத்தது இந்தக் கதைதான். பிவ்கோராய் என்ற ஊர்ப் பக்கம் சுகா என்றொரு வில்வாத்தியம் இருந்தது. நிமிர்த்திப் பிடித்து, தந்தியை விரல் நுனியால் அழுத்தாமல் நகத்தால் பக்கவாட்டில் தொட்டு வாசிப்பது. வாசிப்பவர் ஒருவர்கூட மிஞ்சாமல் அது மறைந்துபோயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த ஓவியமும் சில குறிப்புகளுமே எஞ்சின. அவற்றை வைத்து நூறாண்டுக்குப் பின் வாத்தியத்தை மறுபடி செய்துவிட்டார்கள். ஆனால் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கக் குரு எங்கே?

மரியா பொமியனோவ்ஸ்கா என்ற செல்லோ கலைஞர் நம் நாட்டுக்கு வந்து பண்டிட் ராம் நாராயணிடம் சாரங்கி கற்றவர். சாரங்கியும் நகத்தால் தந்தியைத் தொட்டு வாசிப்பதுதானே! போலந்தில் அறுந்துபோன விரல்வித்தை இங்கே உயிரோடு இருந்தது. அதைக் கற்ற கையால் அவர் சுகாவைப் பேசவைத்தார்; பிறருக்கும் கற்பித்தார். அயலூர் போய்க் கற்ற வித்தை, சொந்த ஊர் வாத்தியத்தை மீட்டுக் கொடுத்தது.

கேட்கவேண்டிய பிற்காலத் தொகுப்புகள்

வார்சா வில்லேஜ் பேண்ட் குழுவின் 'அப்ரூட்டிங்' 2004-இல் வந்தது. பெயருக்கு வேரோடு பிடுங்குதல் என்று பொருள். இடையிடையே கிராமத்து முதியவர்களின் இசையையும் சேர்த்திருக்கிறார்கள். ஊர்விட்டு வந்த நமக்கு இது எளிதில் புரியும்.

வ்ரோத்ஸ்வாவ் நகரத்து இ.ஏ.பி.எஸ். என்ற இளைஞர் குழு 2017-இல் கொமேடாவின் படைப்புகளைப் புதிதாக வாசித்து 'ரெப்பெட்டிஷன்ஸ்' வெளியிட்டது. 2019-இல் 'ஸ்லாவிக் ஸ்பிரிட்ஸ்' என்று தங்கள் பழங்குடி நம்பிக்கைகளைத் தேடிப் போனது. 2023-இல் லாகூரின் ஜௌபி குழுவோடு சேர்ந்து 'இன் சர்ச் ஆஃப் எ பெட்டர் டுமாரோ' வெளியிட்டது. அதிலும் சாரங்கி! புதியவர் இதிலிருந்து தொடங்கலாம். தபலா கேட்டவுடன் காது வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும்.

எங்கள் வீட்டில்

இவற்றையெல்லாம் கேட்டுமுடித்த இரவு பேரனிடம், "நீ சொன்னது சரிதான், ஆனால் இவர்கள் எல்லோரும் தங்கள் ஊர்ப் பாட்டைத் தெரிந்துகொண்டு அல்லவா கலக்கிறார்கள்?" என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன். நம் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் தாத்தா" என்றான்.

அவன் கேட்டது கீர்த்தனையை அல்ல. சாத்தூர்ப் பக்கம் கரிசல்காட்டில் பருத்தி எடுக்கும்போது என் அம்மா பாடியதை. நான் வாயைத் திறந்தேன். முதலடி வந்தது, மெட்டு பாதியில் நின்றுவிட்டது. ஐம்பது வருடம் இந்த நகரத்தில் சபா கச்சேரி ஒன்றைத் தவறவிடாமல் கேட்டு, நம் இசையைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமைப்பட்டவன் நான். கலப்படம் என்று பேரனைத் திட்டியவனிடம் கலப்பதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் ஊருக்கு ஃபோன் போட்டேன். அக்காவுக்கு எண்பது கடந்துவிட்டது. "எதுக்குடா தம்பி இப்பப் போயி அந்தப் பாட்டு?" என்று சிரித்தவள், கொஞ்சநேரம் கழித்துப் பாடினாள். மூச்சு இரைத்தது, மெட்டு தவறவில்லை. பேரன் பதிவு செய்துகொண்டு, வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். ஊரில் ஓர் அத்தை இருக்கலாம். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாடச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு அவர்கள் எதோடு வேண்டுமானாலும் கலக்கட்டும்.