திங்கட்கிழமை நியூரோ போஸ்டிங்கா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

நேத்து ராத்திரி முழுக்க நியூரோஅனாட்டமி புத்தகமும் கையுமா இருந்தே. படிடி, வேண்டாங்கலை. ஆனா வார்டுக்குள்ள போனா அந்தக் கலர் படத்து மூளை எங்கேயும் கண்ணுல படாது. பேஷன்ட் சாப்பிடற இலையில, முடியற கொண்டையிலதான் அது தெரியும்.

முதல்ல பேச்சு. ஆக்குபேஷனல் தெரபியைச் சுருக்கி "ஓ.டி.ல இருந்து வர்றேன்"னு சொல்லிடாதே. ஆபரேஷன் தியேட்டர்னு நினைச்சுக் கூட இருக்கிறவங்க பதறிடுவாங்க. "நீங்க பழையபடி சாப்பிட, குளிக்க, உங்க வேலையைப் பார்க்கப் பழக்க வந்திருக்கேம்மா"ன்னு முழுசா சொல்லு. "இதுக்கு முன்னாடி தினமும் என்ன செய்வீங்க?"ன்னு கேளு. அந்தப் பதில் கேஸ் ஷீட்ல முதல் வரியா இருக்கணும்.

நான் அதைக் கேட்காம விட்டவ. என் போஸ்டிங்ல, இடது கை விழுந்துபோன ஒரு அம்மாவுக்கு ரெண்டு வாரம் துளையில குச்சி சொருகற பெக் போர்டே கொடுத்தேன். முகத்தைத் திருப்பிப்பாங்க. ஒத்துழைக்கலைன்னு எழுதி வச்சேன். மாட வீதியில இருபது வருஷமா பூக்கட்டினவங்கன்னு அவங்க பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. மறுநாள் நாரும் மல்லி மொட்டும் வாங்கிட்டுப் போனேன். இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ரெண்டு மொட்டைப் பிடிக்கணும், வலது கை நாரைச் சுத்தணும். முதல் நாள் மொட்டெல்லாம் நசுங்கிப் பழுப்பாச்சு. நாலு நாள்ல நசுங்காம அஞ்சு கண்ணி கட்டினாங்க. பிடி எவ்வளவு இறுகுது, எப்போ தளருதுன்னு அந்த மொட்டு காட்டின மாதிரி எந்தக் கருவியும் எனக்குக் காட்டலை.

வலது மூளையில பக்கவாதம் வந்தவங்களைச் சாப்பாட்டு நேரத்துல பாரு. மயிலாப்பூர்ல ஒரு வீட்டுல, இலையில ஊறுகாயே வைக்கலைன்னு மாமி மருமகளைக் கோவிச்சுக்கிட்டிருந்தாங்க. உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்துல அப்படியே இருந்துச்சு. கண்ணுல கோளாறில்லை. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை கவனிக்கலை. நீ படிச்ச 'நெக்லெக்ட்' இதுதான். மாமி வேணும்னு பண்ணலைன்னு புரிஞ்சதும் அந்த மருமகள் அழுதுட்டா. மேஜையோட இடது விளிம்புல சிவப்பு டேப் ஒட்டினோம். "முதல்ல சிவப்பைத் தேடுங்க மாமி, அங்கேருந்து வலப்பக்கமா வாங்க." பதார்த்தத்தை வலப்பக்கம் நகர்த்தி வச்சா அன்னிக்குச் சாப்பாடு ஆயிடும், தேடற பழக்கம் வராது.

கண்ணாடி சிகிச்சை நம்ம ஊர் சங்கதி. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச வி.எஸ்.ராமச்சந்திரன், கை போனவங்களுக்கு இல்லாத கையில வர்ற வலிக்காக 1990-கள்ல செஞ்சு பார்த்தது. 1999-ல அவர் இருந்த குழு பக்கவாதம் வந்த 9 பேர்கிட்ட முயற்சி பண்ணி 'லான்செட்'ல எழுதினாங்க. சாதாரண முகக்கண்ணாடி போதும், ஆனா முழங்கை வரைக்கும் மறைக்கிற அளவு வேணும். ஓரத்தைக் கடைக்காரர்கிட்டயே தேய்ச்சு வாங்கிடு. உடம்புக்கு நேர் நடுவுல நிறுத்தி, வராத கையைப் பின்னாடி வச்சு, நல்ல கையோட பிம்பத்தைப் பார்க்கச் சொல்லு. ரெண்டு கையும் ஒண்ணுபோல தெரியணும். அதனால நல்ல கையில இருக்கிற வளையலைக் கழட்டச் சொல்வாங்க. நம்ம அம்மாக்கள்கிட்ட அந்தப் பேச்சே எடுக்காதே. இன்னொரு கைக்கும் அதே மாதிரி வளையல் போட்டுவிடு.

வீட்டுக்காரங்க பாசத்துல ஊட்டிவிடுவாங்க. அவங்களுக்குக் குரங்குக் கதையைச் சொல்லு. 1996-ல ராண்டால்ஃப் நூடோ குழு வெளியிட்ட ஆராய்ச்சி: மூளையில சின்னதா அடிபட்ட குரங்குகள்ல, கைக்குப் பயிற்சி இல்லாததுங்களுக்கு அடிபடாத பக்கத்து இடத்துலயும் கைக்கான பகுதி சுருங்கிச்சு. கையை விட்டுத் தீனி எடுக்கப் பழக்கினதுங்களுக்கு அது நிலைச்சுது. முதல் நாலு கவளமாவது பேஷன்டே எடுக்கட்டும், மீதியை ஊட்டுங்கன்னு கேட்டுப் பாரு. ஒத்துப்பாங்க.

குழந்தைகள் போஸ்டிங்குக்கு முன்னாடி நம்ம அடையாறு ஐ.ஐ.டி. மூளை மையம் 2024-ல வெளியிட்ட 'தரணி'யைப் பாரு. கருவுல இருக்கிற சிசுவோட மூளை, 5,132 வெட்டுப் படங்கள், இலவசம். கோட்டூர்புரம் வித்யாசாகரையும் ஒரு நாள் போய்ப் பார்க்கணும். 1985-லேருந்து மூளை முடக்குவாதக் குழந்தைகளோட இருக்காங்க. அங்க அம்மாக்கள் குழந்தையைத் தூக்கி உட்கார வைக்கிற விதத்தைக் கவனி.

நகத்தை ஒட்ட வெட்டிக்கோ. பையில இன்ச் டேப் இருக்கட்டும், பாத்ரூம் வாசப்படி உயரம் அளக்க. ஞாயித்துக்கிழமை மொட்டும் நாரும் வாங்கி வைக்கிறேன். இடது கையில க்ளவுஸ் மாட்டிக்கிட்டு ஒரு முழம் கட்டிப் பாரு.