27,000 சம்பளத்துக்கு எந்த பைக்? ஒரு இஎம்ஐ ஒத்திகை

போன தீபாவளி சமயத்தில் எங்க சித்தி பையன் போன் பண்ணினான். "அக்கா, 350 சிசி வண்டி ஒண்ணு பார்த்துட்டேன். ஜிஎஸ்டி வேற குறைஞ்சிருக்கு. 40,000 கட்டினா போதுமாம், இஎம்ஐ 6,139 தான். எடுத்துடட்டுமா?"

அவனுக்குக் கையில் வரும் சம்பளம் 27,000. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். வீடு குரோம்பேட்டை, ஆபீஸ் சோழிங்கநல்லூர். போக வர சுமார் 40 கிலோமீட்டர். அதுவரை ஓட்டினது சித்தப்பாவோட ஸ்கூட்டர். கியர் வண்டின்னா நண்பனோடதை நாலஞ்சு தடவை ஓட்டியிருப்பான்.

"40,000 கட்டினப்புறம் பேங்க்ல எவ்வளவுடா இருக்கும்?"

"அதான்க்கா எல்லாமே."

இந்த மாதிரி கேள்வி எனக்கு வாரா வாரம் வருது. அதனால அவனுக்குப் போட்டுக் காட்டின கணக்கையே இங்க எழுதறேன்.

முதலில் அந்த 6,139 எப்படி வந்தது? வண்டி ஆன்ரோடு 2,10,000. முன்பணம் 40,000 போக கடன் 1,70,000. "வட்டி 10 சதவீதம்தான்" என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது ஃப்ளாட் ரேட். மூணு வருஷத்துக்கும் முழு 1,70,000-க்கு வட்டி போடுவார்கள்: 51,000. நீங்க மாசா மாசம் அசலைக் கட்டிக் குறைச்சுக்கிட்டே வந்தாலும், திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் கடைசி வரை வட்டி ஓடும். இதையே பேங்க் பாணியில், மீதி அசலுக்கு மட்டும் வட்டின்னு மாத்திப் பார்த்தால், அந்த 10 சதவீதம் கிட்டத்தட்ட 18 சதவீதம். அதனால "எவ்வளவு வட்டி?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?"ன்னு கேளுங்க. 2024 அக்டோபர் 1-லிருந்து எந்த சில்லறைக் கடனுக்கும் கேஎஃப்எஸ் என்ற விவரத்தாளைக் கொடுத்தே ஆகணும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. அதில் ஏபிஆர்னு ஒரு எண் இருக்கும். பிராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்த உண்மையான வருஷ வட்டி அதுதான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்.

அடுத்தது பெட்ரோல். மாசம் 900 கிமீ, லிட்டர் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். 350 சிசி வண்டி டிராஃபிக்கில் லிட்டருக்கு 33 கொடுத்தால் மாசம் 2,730. 125 சிசி வண்டி 55 கொடுத்தால் 1,640. மாசத்துக்கு 1,090 வித்தியாசம். சின்னதாத்தான் தெரியும், அஞ்சு வருஷத்தில் 65,000 ஆகும். இதோட சர்வீஸ், டயர், செயின் ஸ்பிராக்கெட், வருஷ இன்ஷூரன்ஸுன்னு மாசம் ஒரு 900 ஒதுக்கினால், அவனோட 350-க்கு மொத்தம் 9,770 வருது. சம்பளத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல! வண்டிக்கான எல்லாச் செலவும் சேர்த்து கைச்சம்பளத்தில் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும் என்பது என் கைக்கணக்கு. சட்டமெல்லாம் இல்லை. வாடகை கட்டறவங்களுக்கு அதுவே அதிகம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது சிசி, விலை ரெண்டிலுமே சில படிக்கட்டுகள் இருக்கு. அது எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா பணம் மிச்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகக் குறைஞ்சது. அதுக்கு மேல போனா 40. வரிக்கு முன் 1,50,000 விலையுள்ள வண்டி 350-க்குள்ள இருந்தா 1,77,000, தாண்டினா 2,10,000. தமிழ்நாட்டு ரோடு டாக்ஸில் இன்னொரு படி: 2023 நவம்பர் முதல் வண்டி விலை ஒரு லட்சம் வரை 10 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டினா 12. ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 10,000, 1,01,000 ரூபாய் வண்டிக்கு 12,120. ப்ளூடூத் டிஸ்ப்ளேக்காக டாப் வேரியன்ட்டுக்குப் போய் இந்தக் கோட்டைத் தாண்டறவங்க நிறைய பேர்.

மூணாவது படி 150 சிசியில். புது பைக்குக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரை 3,851, அதுக்கு மேல் 350 வரை 7,365, 350-ஐத் தாண்டினா 15,117. இதுக்கு மேல ஜிஎஸ்டி தனி. அதாவது 149 சிசி யமஹா எஃப்இசட்டுக்கும் 155 சிசி சுஸுகி ஜிக்ஸருக்கும் இந்த ஒரு வரியில் மட்டும் 3,500 ரூபாய் வித்தியாசம். இதுக்காக மட்டும் யாரும் வண்டியை மாத்த வேண்டாம். ஆனா ரெண்டுக்கும் நடுவில் ஊசலாடறவங்களுக்கு இது ஒரு காரணம்.

இனி பணம் சாராத விஷயம். புதுசா ஓட்டறவங்க பெரும்பாலும் வண்டியைக் கீழே போடுவது வேகத்தில் இல்லை. யூ டர்னில், பார்க்கிங்கில், வீட்டு வாசல் சரிவில். வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது! அப்போ உங்களைக் காப்பாத்தறது எடையும் சீட் உயரமும்தான். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, டிவிஎஸ் ரைடர் 123, ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 181, கிளாசிக் 350 போனா 195. ரைடர் சீட் 780 மில்லிமீட்டர், யமஹா ஆர்15 சீட் 815. அந்த மூணரை சென்டிமீட்டரில்தான் ஒருத்தருக்கு முழுப் பாதம் தரையில் படும், இன்னொருத்தருக்கு விரல் நுனிதான் படும். எனக்கு விரல் நுனி கேஸ். ஷோரூமில் டெஸ்ட் ரைடுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க: இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் தள்ளி வண்டியைப் பத்தடி பின்னால கொண்டு போங்க. மூச்சு வாங்கினா அது இப்போதைக்கு உங்க வண்டி இல்லை. அதே மாதிரி முதல் வண்டிக்கு ஃபேரிங் வேண்டாம். ஒரு தடவை சாய்ஞ்சாலே பேனல் உடையும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிப் பணத்தைத் தேய்மானம்னு கழிச்சுட்டுத்தான் தருவாங்க. ஃபேரிங் வண்டிதான் வேணும்னா ஜீரோ டெப் எடுத்துடுங்க.

இதையெல்லாம் சொல்லி, "பேசாம 125 எடு, ஆன்ரோடு 1,15,000-க்குள்ள முடியும்"னேன். அவன் ஒரு பதில் சொன்னான், அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. "அக்கா, ரேடியல் ரோட்டுல மழைக்காலத்துல பஸ் திடீர்னு நிக்கும். 125-ல நிறைய வண்டில ஏபிஎஸ் கிடையாது."

சரிதான். 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு. அதுக்குக் கீழே சிபிஎஸ் போதும்னு விட்டுட்டாங்க. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் லாக் ஆகிறதை அது தடுக்காது. பதட்டத்தில் முழு பலத்தோட பிரேக் பிடிக்கறவங்க புது ஆளுங்கதான். ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாதிரி சிலதில் ஏபிஎஸ் வேரியன்ட் இருக்கு. ஆனா அவன் மனசு 160-ல் நின்னுடுச்சு. ஏபிஎஸ்ஸுக்குக் கொடுக்கற பணத்தை நான் செலவுன்னு பார்க்கறதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட்டும் அப்படித்தான்.

அப்புறம்தான் ஒத்திகை. "நாலு மாசம் வண்டி வாங்காதே. ஒவ்வொரு மாசமும் அந்த 6,139-ஐ சம்பளம் வந்த அன்னிக்கே தனி அக்கவுண்டுக்கு மாத்து. 350-க்கு இஎம்ஐ கட்டறதா நினைச்சுக்கோ." முதல் ரெண்டு மாசம் போட்டான். மூணாவது மாசம் நண்பன் கல்யாணம், ஊருக்குப் போக வர டிக்கெட், 3,000 தான் போட முடிஞ்சது. நிஜ லோனா இருந்தால் அந்த மாசம் பவுன்ஸ் சார்ஜ், சிபில் ஸ்கோரில் ஒரு கறுப்புப் புள்ளி. நாலாவது மாசம் மறுபடி முழுசாப் போட்டான். மொத்தம் 21,417. அவன் அதுக்கப்புறம் 350 பேச்சை எடுக்கலை. நானும் கேட்கலை.

இருந்த 40,000-உடன் இதையும் சேர்த்து, 20,000-ஐ அவசரத்துக்குன்னு வெளியே வெச்சுட்டு, மீதி 41,000-ஐ முன்பணமாக் கட்டினான். ஆன்ரோடு 1,50,000-க்கு ஒரு 160. கடன் 1,09,000, 12 சதவீதம் ரெட்யூசிங், இஎம்ஐ 3,620. லிட்டருக்கு 45 கிமீன்னா பெட்ரோல் 2,000. பராமரிப்புக்கு 600. மொத்தம் 6,220, அதாவது 23 சதவீதம். என் கோட்டைத் தாண்டுது. ஆனா கையில் 20,000 இருக்கு, அதனால விட்டுட்டேன்.

பில் போடும் அன்னிக்கு நானும் கூடப் போனேன். ஹேண்ட்லிங் சார்ஜுன்னு ஒரு வரி இருந்தது. எதுக்குன்னு கேட்டதும் எடுத்துட்டாங்க. இன்ஷூரன்ஸ் அங்கேயே எடுக்கணும்னு கட்டாயம் கிடையாது, வெளியில் கோட் வாங்கிக் காட்டுங்க. உங்க பேரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு இருந்தா, ஓனர் டிரைவர் பிஏ கவரையும் தவிர்க்கலாம். பலர் கோட்டை விடற இடம் இன்னொண்ணு: அஞ்சு வருஷம்னு போட்டிருக்கறது தேர்ட் பார்ட்டி மட்டும். ஓன் டேமேஜ் பொதுவா ஒரு வருஷம்தான். அதைப் புதுப்பிக்க மறந்து வண்டி திருடு போனா ஒரு பைசா வராது.

"பைக் லோனுக்கு டாக்ஸ்ல கழிக்கலாமா மேடம்?" சம்பளக்காரங்களுக்குக் கிடையாது. 80இஇபி இருந்தது எலெக்ட்ரிக் வண்டிக் கடனுக்கு, அதுவும் 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆனதுக்கு மட்டும்.

பழைய வண்டி எடுக்கறவங்க ஆர்சியில் எச்பி இருக்கான்னு முதலில் பாருங்க. இருந்தா விற்கறவரோட ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் ஃபாரம் 35-ம் கைக்கு வராம பணம் கொடுக்காதீங்க. பேர் மாத்தினதும் 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தணும்.

கடைசி இஎம்ஐ கட்டினா எச்பி தானாப் போயிடும்னு நினைக்கறவங்க இருக்காங்க. போகாது, ஆர்டிஓவில் நீங்கதான் ரத்து பண்ணணும். தம்பிக்கு அது 2029 மார்ச். போன் காலண்டர்ல இப்பவே போட்டு வைக்கச் சொல்லிட்டேன்.