கேட்கும் உரிமை

மாணவர்களே! கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. அவை இன்றும் 'நாடு' என்னும் பழம்பெயராலேயே வழங்குகின்றன. வாசலூர்பட்டி போன்ற சிற்றூர்கள் பல கூடியதே ஒரு நாடு.

மழையில் ஓர் ஏழையின் வீடு ஒழுகுகிறது. அதனைப் பழுதுபார்க்க உதவி பெறுவோர் பட்டியலில் அவர் பெயர் ஏன் இல்லை? ஆடித் திங்களில் வல்வில் ஓரி விழாவிற்குத் திரளும் மக்களுக்குக் குடிநீர் உண்டா? இவற்றைத் திண்ணையில் அமர்ந்து முணுமுணுப்பதால் பயன் யாது? வினவுதற்குரிய இடம் கிராம சபையே.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் அனைவரும் அச்சபையின் உறுப்பினர் ஆவர். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் முதலிய நாள்களில் அது கூடும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்பெறும்.

கணக்குக் கேட்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதற்பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் வாரியத்திற்குத் தகுதியற்றவர் என விலக்கியது.

இன்று 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுடைய ஊராட்சியில் 100 பேரேனும் வாராவிடின் சபை நிறைவெண் பெறாது. வாராதவர் பிறர் வினாவையும் தடுத்தவராகின்றார். ஆதலின், 18 வயது நிரம்பியதும் நீங்களும் செல்லுங்கள். குறையைத் தெளிவாகவும் பணிவாகவும் வினவுங்கள். விடையைப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.