மங்கும் ஒளியில் மருந்தின் அளவு

புற்றுநோய் மருந்துகளில் அளவுதான் எல்லாம். குறைந்தால் நோய் அடங்காது. மிகுந்தால் நல்ல செல்களும் அழியும். மெத்தோட்ரெக்சேட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1940களில் இம்மருந்து உருவான அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சியை வழிநடத்தியவர், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ்.

இம்மருந்தின் மூலக்கூறு ஃபோலிக் அமிலத்தை ஒத்தது. எனவே செல்லின் நொதி ஏமாறுகிறது, டி.என்.ஏ. உருவாவது தடைப்படுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் எலும்புப் புற்றுநோய்க்கும் இதை அதிக அளவில் செலுத்துவதுண்டு. சிறுநீரகம் இதை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும். ஆகவே 24, 48, 72 மணி நேரங்களில் இரத்தத்தில் அதன் செறிவை அளந்து, லியூகோவோரின் என்னும் மீட்பு மருந்தை எவ்வளவு, எத்தனை நாள் தருவது என மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர். ஒரு குழந்தையின் உயிர் அந்த எண்ணைச் சார்ந்திருக்கிறது.

இந்த அளவீட்டுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவை. எளிய மாற்றாக ஆய்வாளர்கள் உருவாக்கி வருபவையே ஒளிரும் நானோ உணரிகள்.

உணரி செயல்படும் விதம்

கார்பன் புள்ளிகள் பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள். 2004இல் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டவை. சிட்ரிக் அமிலம் போன்ற எளிய பொருள்களைச் சூடாக்கியும் இவற்றைத் தயாரிக்கலாம். புற ஊதா ஒளி பட்டால் பல கார்பன் புள்ளிகள் நீல நிறத்தில் ஒளிரும். மெத்தோட்ரெக்சேட்டும் 370 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளியை உறிஞ்சும். இரண்டும் ஒரே கரைசலில் இருந்தால், புள்ளிகளுக்குச் சேர வேண்டிய ஒளியை மருந்து பறித்துக்கொள்கிறது. மருந்து கூடக்கூட ஒளிர்வு மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து மருந்தின் செறிவைக் கணக்கிடுகிறோம்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: டானிக் வாட்டர், ஐந்து கண்ணாடி டம்ளர்கள், உப்பு, சர்க்கரை, கள்ளநோட்டைக் கண்டறியப் பயன்படும் புற ஊதா டார்ச்.

1. ஒவ்வொரு டம்ளரிலும் 100 மி.லி. டானிக் வாட்டர் ஊற்றுங்கள். இருட்டறையில் டார்ச் ஒளி பட்டதும் அதிலுள்ள குயினைன் நீலமாக ஒளிரும்.
2. முதல் டம்ளரை அப்படியே விடுங்கள். அடுத்த மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, நான்கு சிட்டிகை உப்பைக் கரையுங்கள். நுரை அடங்கியபின் ஒப்பிட்டால் ஒளி படிப்படியாக மங்கியிருப்பது தெரியும்.
3. ஐந்தாவதில் நான்கு சிட்டிகை சர்க்கரை கரையுங்கள். ஒளி மங்காது.
4. மாணவர்களுக்குத் தெரியாமல் உப்பு கலந்த ஒரு டம்ளரைக் கொடுத்து, அதில் எத்தனை சிட்டிகை இருக்கும் எனக் கணிக்கச் சொல்லுங்கள்.

டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது. கரைசலைப் பருகக் கூடாது. தொடக்க வகுப்புகளில் முதல் படியை ஆசிரியரே செய்துகாட்டினால் போதும்.

இங்கே ஒளி மங்கும் காரணம் சற்று வேறு: உப்பின் குளோரைடு அயனிகள் கிளர்வுற்ற குயினைன் மூலக்கூறுகளோடு மோதி அவற்றின் ஆற்றலைக் கவர்கின்றன. ஆனால் அளக்கும் தருக்கம் ஒன்றே. தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டுத் தெரியாத அளவைக் காண்கிறோம்.

விவாதிக்க

சர்க்கரை டம்ளர் எதற்கு? ஒளி மங்கியது உப்பால்தான், எதைக் கரைத்தாலும் மங்கிவிடாது என்று உறுதி செய்யத்தான். இரத்தத்திலோ புரதம், உப்புகள், பிற மருந்துகள் எனப் பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றில் எது ஒளியை மங்கச் செய்தது என்று பிரித்தறிவதே நானோ உணரிகளின் பெரும் சவால். ஆய்வகத்தில் வெற்றிபெறும் பல உணரிகள் மருத்துவமனைக்குள் நுழையத் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “மங்கியது சரி, எதனால் என்று எப்படிச் சொல்கிறாய்?” என்ற கேள்வியை மாணவர்களிடம் எழுப்புங்கள். அதற்கு விடையாக அடுத்த சோதனையை அவர்களே வடிவமைக்கட்டும்.