நிற்கிற மரமும் கிடக்கிற மரமும்



மாமா வீட்டுப் பரணில் பழைய ருஷ்ய-ஆங்கில அகராதி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துக் காட்டு மரங்களுக்கான சொற்களை நோட்டில் எழுதினேன். 'சுகஸ்தோய்' என்றால் பட்டுப்போயும் விழாமல் நிற்கிற மரங்கள். காய்ந்தது, நிற்பது என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. 'வலேஷ்னிக்' என்றால் செத்துத் தரையில் கிடக்கிற மரம், கிளை.

நான் இரண்டுக்குமே ஆங்கிலத்தில் 'டெட் வுட்' என்று எழுதிவிட்டேன். செத்த மரம் செத்த மரம்தானே! ஆங்கில சார் பார்த்துவிட்டு, "உன்னை நம்பி ஒருத்தர் கோடாலியோட போனா மாட்டிக்குவாரும்மா" என்றார். ருஷ்யாவில் 2019 ஜனவரி 1 முதல், காட்டில் கிடக்கிற மரத்தை மக்கள் சொந்தத் தேவைக்குக் காசு கட்டாமல் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தைச் சொல்லி, நிற்கிற பட்டமரத்தை வெட்டக்கூடாது.

பிறகு 'ஸ்நாக்' என்று மாற்றினேன். காட்டு வேலை தெரிந்தவர்கள் சொல்லும் சொல்தான். ஆனால் ஆற்றில் படகை இடிக்கிற கட்டைக்கும் அதே பெயர். மேலும் ஸ்நாக் ஒற்றை மரம். மரங்கொத்தி பொந்து போட்ட ஒரு மரத்தைச் சொல்ல அது சரி. சுகஸ்தோய் அப்படி நிற்கிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. கடைசியில் 'ஸ்டாண்டிங் டெட் ட்ரீஸ்' என்று எழுதினேன். நீளம்தான், ஆனா தப்பு வராது.

இன்னொன்று கேளுங்க. கன்று போடுவதற்கு முன்னால் பசு பால் வற்றி நிற்கிற காலத்துக்கும் ருஷ்யர்கள் 'சுகஸ்தோய்' என்றுதான் சொல்வார்களாம். அங்கே போய் 'டெட்' என்று எழுதினால் பசு பாவம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி