பனியன் கம்பெனிக்கு பேனல் போர்டு வாங்குகிறீர்களா?

பெருமாநல்லூர் பக்கம் புதிதாக ஷெட் போட்டு பவர் டேபிள், நிட்டிங் மெஷின் இறக்குகிறவர்கள் மெஷினைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். பேனல் போர்டையும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

1. முதலில் எல்லா லோடையும் கிலோவாட்டில் எழுதிக் கூட்டுங்கள். த்ரீ பேஸில் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 1.5 ஆம்பியர். ஒரே நேரத்தில் 100 கிலோவாட் ஓடினால் 155 ஆம்பியர் வரும். மெயின் பிரேக்கராக 200 ஆம்பியர் எம்.சி.சி.பி. பொருந்தும். பின்னால் இன்னொரு லைன் போடும் எண்ணம் இருந்தால், பேனலில் கால் பங்கு இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள்.

2. நம் ஊர் ஷெட்டுக்குப் பெரிய எதிரி பஞ்சுத் தூசி. பஸ்பாரில் படிந்த பஞ்சு ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கட் உள்ள ஐ.பி. 54 பெட்டியைக் கேளுங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளில் கிளாண்ட் இல்லாவிட்டால் ஐ.பி. 54 வாங்கியும் பயனில்லை.

3. பிரேக்கரின் ஆம்பியரோடு, ஷார்ட் ஆனால் அது எத்தனை கிலோ ஆம்பியர் (கே.ஏ.) தாங்கும் என்பதையும் பாருங்கள். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஷார்ட் ஆனால் 15,000 ஆம்பியர் வரை பாயும். அங்கே 10 கே.ஏ. பிரேக்கர் தாங்காது, மெயினுக்கு 25 கே.ஏ. போடுங்கள்.

4. சர்வோ மோட்டார் தையல் மெஷினும் எல்.இ.டி. விளக்கும் நிறைய இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஏறும். மூன்றரை கோர் கேபிளில் நியூட்ரல் பாதி கனம்தான். தையல் லைனுக்கு நாலு கோர் இழுங்கள்.

5. அலுமினிய கேபிளைச் செம்பு பஸ்பாரில் நேரடியாக மாட்டக் கூடாது; பை-மெட்டல் லக் வேண்டும். ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில், மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து எல்லா நட்டையும் இறுக்கிவிடுங்கள்.

6. ஈரமும் ஆவியும் உள்ள அயர்னிங் டேபிளுக்குத் தனி சர்க்யூட், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

7. இ.பி.யும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்றாகச் சேராதபடி இன்டர்லாக் உள்ள நாலு போல் சேஞ்ச் ஓவர் வையுங்கள்.

8. பேனலுக்கு முன்னால் 1 மீட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சீசன் நேரத்தில்கூட அங்கே பீஸ் கட்டு, துணி ரோல் அடுக்காதீர்கள்.

இந்த எட்டையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுங்கள். விலையில் மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. ஷெட்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவர்களின் உயிர் இந்தப் பெட்டியை நம்பித்தான் இருக்கிறது.