மக்காச்சோளத்துக்கு வெயில் வைக்கும் இரண்டு தேர்வுகள்

மக்காச்சோள அறுவடை நேரத்தில் ஊருக்குப் போனால் நாலு கதிரை உரித்துப் பாருங்கள். சில கதிர் பொக்கை வாய் மாதிரி இருக்கும். அங்கங்கே மணியே இருக்காது. சிலதில் வரிசை முழுசா இருக்கும், ஆனால் மணியில் கனம் இருக்காது. இரண்டுக்குமே வெயில் காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே பிரச்சினை இல்லை. 'வெப்பம் தாங்கும் ஹைபிரிட்' என்று யாராவது சொன்னால், எதைத் தாங்கும் என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

முதல் தேர்வு: பூக்கும்போது

செடியின் உச்சியில் ஆண் பூ, நடுத்தண்டில் கதிர். கதிர் நுனியில் பட்டுநூல் மாதிரி தொங்குகிறதே, அதில் ஒரு இழைக்கு ஒரு மணி. இழையில் உயிருள்ள மகரந்தம் விழுந்தால்தான் மணி பிடிக்கும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, காற்றும் வறண்டிருந்தால் மகரந்தம் சீக்கிரம் காய்ந்து செத்துப்போகும். தண்ணீரும் குறைந்தால் இழை வெளியே வரவே தாமதமாகும். மகரந்தம் கொட்டி முடிந்த பிறகு இழை வந்து என்ன பயன்? பொக்கைக் கதிர்தான்.

இரண்டாம் தேர்வு: மணி நிரம்பும்போது

இது நமக்குப் பழகின கணக்கு.

மணியின் எடை = ஒரு நாளில் சேரும் எடை × நிரம்பும் நாட்கள்

எத்தனை நாள் என்பதைச் செடி காலண்டர் பார்த்து முடிவு செய்வதில்லை; சேர்ந்த வெப்பத்தை வைத்துத்தான்.

ஒரு நாளின் வெப்ப அலகு = (அதிகபட்சம் + குறைந்தபட்சம்) ÷ 2 − 10

பகல் வெப்பம் 30-ஐத் தாண்டினாலும் 30 என்றே எடுப்பது வழக்கம். மணி நிரம்ப 600 அலகு தேவை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரவு 20 டிகிரி என்றால் நாளுக்கு 15 அலகு, 40 நாள். இரவு 26 என்றால் 18 அலகு, 33 நாள்தான். இரவு சூடானதற்கே ஒரு வாரம் போச்சு! தினசரி வேகம் கூடி இதை ஈடுகட்டுமா? பெரும்பாலும் கட்டாது. மாவுச்சத்தைக் கட்டும் நொதிகள் கடும் சூட்டில் தளர்ந்துவிடும். சூடான இரவில் செடி சுவாசத்திலேயே நிறைய சர்க்கரையைச் செலவழித்துவிடும்.

தரம் எங்கே அடிபடுகிறது?

மணியில் சுமார் 70 சதவீதம் மாவுச்சத்து. அது குறைந்தால் மணி இலேசாகும். அப்போது புரதச் சதவீதம் கூடியது போலத் தெரியலாம். ஏமாறாதீர்கள்: புரதம் கூடவில்லை, வகுக்கும் எண்தான் சிறுத்துவிட்டது. இன்னொரு ஆபத்து, வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை கதிரிலேயே புகுந்து அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்தில் முக்கியப் பங்கு மக்காச்சோளத்துக்கு. இந்த நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

தெற்காசியாவுக்காக சிமிட் நிறுவனம் 2012-ல் வெப்பம் தாங்கும் மக்காச்சோளத் திட்டத்தைத் தொடங்கியது. இப்படிப்பட்ட சோதனையில் கடும் வெயில் வாரத்தில் பூ வரும்படி நாள் பார்த்து விதைப்பார்கள். எந்த ஹைபிரிட் மணி பிடிக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஆனால் அது முதல் தேர்வின் மார்க் மட்டுமே.

அதனால் வீட்டில் விதை வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வெயிலில் கதிர் நிரம்புமா? அதே வெயிலில் ஆயிரம் மணியின் எடை எவ்வளவு? இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லையா, அந்த ஹைபிரிட் பாதித் தேர்வுதான் எழுதியிருக்கிறது.